நெருளில் ஒரு பழைய மோட்டார் வண்டி

மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் நெடுங்காலம் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, கழிமுகப் பாலத்தைக் கடந்து சென்று குடியேறிய ஊர்களுள் நெருளும் ஒன்று. நவி மும்பையை அமைக்கும் பொறுப்போடு சிட்கோ நிறுவனம் 1970இல் தோன்றியது. கழிமுகத்தின் முதற்பாலம் 1973இல் திறக்கப்பட்டது. மின்சார ரயில் 1992இல் வாஷியையும், அடுத்த ஆண்டு நெருளையும் வந்தடைந்தது. 1932இல் மாதுங்காவிலே தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இங்கும் தன் கல்லூரிகளை நிறுவியுள்ளது. ஒரு பக்கம் குன்றின்மேல் பாலாஜி கோயில். மறுபக்கம் கழிமுகத்தை ஒட்டி ஓடும் பாம் பீச் சாலை. இடையிலே எண்ணிட்ட செக்டர்கள். இதுவே நெருளின் தோற்றம்.

ரயில் நிலையம் அருகிருக்கும் ஊரில் சொந்த மோட்டார் எதற்கு என்று கேட்கலாம். அலுவலகம் செல்பவருக்கு ரயிலே போதும். ஆனால் ஊரிலிருந்து தாய் தந்தையர் வந்திறங்கும் நாளை எண்ணிப் பாருங்கள். குர்லா திலகர் முனையத்திலோ தாதரிலோ அரிசி மூட்டையோடும் மாவடு ஜாடியோடும் நிற்கும் முதியவரை நெரிசலான ரயிலில் ஏற்றுவது எளிதன்று. நள்ளிரவில் மூச்சுத் திணறும் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது வாடகை வண்டிக்குக் காத்திருப்பதும் கொடுமை. புது வண்டியின் விலையோ வீட்டுக் கடன் கட்டும் குடும்பத்துக்கு எட்டாது. ஆகவே பலரும் பிறர் ஓட்டிய வண்டியை நாடுகின்றனர்.

அவ்வாறு நாடுவோரில் பலர் விரும்புவது கிராஸ்ஓவர் எனப்படும் இனத்தை. காரின் உடலமைப்பும் ஜீப்பின் உயரமும் கலந்தது அது. சாதாரணக் காரில் முழங்கால் வலியுள்ளவர் குனிந்து இறங்கி அமர வேண்டும். ஜீப்பிலோ ஏற வேண்டும். இதன் இருக்கை அவர் இடுப்பளவிலே இருக்கிறது. அடிப்பாகமும் தரையிலிருந்து சற்று உயர்ந்திருப்பதால், ஆடி மாதத்துச் சாலைப் பள்ளங்களை ஓரளவு தாங்கும்.

இங்கே மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. இவ்வகையில் பெயர் பெற்ற வண்டிகளுள் மூன்று தமிழ் மண்ணிலே பிறந்தவை. 2012இல் வந்த டஸ்டர் ஒரகடத்திலும், 2013இல் வந்த ஈகோஸ்போர்ட் மறைமலை நகரிலும், 2015இல் வந்த கிரெட்டா இருங்காட்டுக்கோட்டையிலும் உருவாயின. நம்மைப்போலவே அவையும் பிழைப்புத் தேடி வடக்கே வந்தன போலும்!

பெயர் ஒன்றாயினும் எஞ்சின் ஒன்றெனக் கொள்ளலாகாது. ஈகோஸ்போர்ட்டின் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 2017 வரை நான்கு சிலிண்டர் கொண்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் மூன்றாயிற்று. நான்கு சிலிண்டர் எஞ்சினில் அச்சு இருமுறை சுழல்வதற்குள் நான்கு தடவை எரிபொருள் பற்றுகிறது. மூன்றிலோ மூன்றே தடவை. ஆதலால் நான்கு சிலிண்டர் எஞ்சின் அதிர்வு குறைந்து சீராக ஓடும். அதில் ஒரு சிலிண்டர் பழுதாயினும் நின்ற நிலையிலேயே நடுக்கம் தெரியும். எனவே வண்டி பார்க்கச் செல்வோர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதை இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். முன்பே சூடேற்றி வைத்த எஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடும். நீலப்புகை, ஆயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாது வந்தால், குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறதோ என ஐயுறலாம். ஆயில் மூடியின் உட்புறம் பாலேடு போன்ற படலம் கண்டால் மெக்கானிக்கைக் கேளாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஆயினும் நம் பகுதியில் ஒரு பழைய வண்டிக்குப் பெரும்பகை நீர்தான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மும்பைத் தமிழர் மறவார். 2015 டிசம்பரில் சென்னையும், 2017 ஆகஸ்டில் மீண்டும் மும்பையும் வெள்ளத்தில் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற வண்டி கழுவிப் பூசப்பட்டு, தொலைதூர ஊரிலே விலைக்கு வருவதுண்டு. மின்கம்பிகளின் இணைப்புகள் மெல்லப் பச்சை பூத்து, பல மாதங்கள் கழித்து ஓடும் வண்டியை நட்டநடுச் சாலையில் நிறுத்திவிடும். பாட்டியின் அவசரத்துக்கென வாங்கிய வண்டி, அவசர வேளையிலேயே கைவிடுமானால் அதைவிடப் பெருநஷ்டம் யாது?

இதனைக் கண்டறிய எளிய வழிகள் உள. இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உட்பகுதியில் சேற்றுக் கோடு தெரியலாம். கால்விரிப்பைத் தூக்கி அடியில் ஈரமும் முடைநாற்றமும் உண்டா எனக் காணுங்கள். மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியிலும், இருக்கைகளின் தண்டவாளத்திலும் துரு படிந்திருக்கிறதா என நோக்குங்கள். வண்டிக்குள் வாசனைத் திரவியம் மிகுதியாக மணந்தால், அது எதை மறைக்கிறது என்று கேளுங்கள். நெருளில் தரகர் ஒருவர் காட்டிய வண்டியில் நாம் கண்டதும் இதுதான். மேலே கண்ணாடிபோன்ற பளபளப்பு. விரிப்பின் அடியிலோ உலர்ந்த வண்டல். நாம் வணக்கம் கூறித் திரும்பினோம்.

காகிதங்களைப் பார்ப்பதும் அத்துணை முக்கியம். உரிமை மாற்றத்தை, ஒரே மாநிலமாயின் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்றக் கோரும் கெடு 14 நாட்கள். வங்கிக் கடன் தீர்ந்ததற்கான சான்றை விற்பவரிடம் கேட்டுப் பெறுதல் கடமை. ஊரில் அண்ணன் ஓட்டிய வண்டியைத் தமிழ்நாட்டுப் பதிவோடு இங்கே கொண்டுவருவோர் மற்றொன்றையும் நினைவிற்கொள்க. 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மகாராஷ்டிரப் பதிவெண் பெற்றே தீரவேண்டும். இங்குள்ள வரியும் செலுத்த வேண்டும். அச்செலவையும் விலையோடு கூட்டிக் கணக்கிட்டாலே மலிவு எது என்பது விளங்கும்.

வாங்கிய பின் பேணுவதற்கும் நெருளுக்கேற்ற முறை வேண்டும். கழிமுகத்தின் உப்புக்காற்று இரும்பை அரிக்கும். மழைக்காலம் முடிந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவித் துரு தொடங்கிய இடங்களைச் சீர்செய்ய வேண்டும். மழைக்கு முன்பாக, முன்கண்ணாடியின் அடியில் தங்கும் இலைகளையும், கதவுகளின் கீழுள்ள வடிகால் துளைகளையும் துடைத்துவிட வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கையேட்டில் கண்ட காலத்தில் அதனை மாற்றாவிடில் வேண்டிய வேளையில் பிடிக்காது. டஸ்டர் டீசல் வண்டியில் டைமிங் பெல்ட் உண்டு. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே பாழாகும். முன்னவர் அதனை மாற்றியதற்கு ரசீது இல்லையெனின், மாற்றும் செலவை விலையிற் குறைத்துக் கேளுங்கள்.

காய்கறிக்கு வாஷி, கோயிலுக்குக் குன்று என்று சிறுதொலைவே செல்லும் குடும்பத்துக்குப் பெட்ரோல் எஞ்சினே தகும். 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த டீசல் வண்டிகளின் புகைக்குழலில் கரி வடிகட்டி உண்டு. எஞ்சின் நெடுநேரம் சூடேறி ஓடினால்தான் அக்கரி எரிந்து தீரும். சிறுபயணமே செய்தால் அடைத்துக்கொள்ளும்.

இறுதியாக ஒன்று. மழைநீர் தேங்கிய தாழ்வழியில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி இயக்க முயலாதீர்கள். காற்றை இழுக்கும் குழல்வழியே நீர் சிலிண்டருக்குள் புகுந்திருக்குமாயின், அது அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டே வளையும். இறங்கி, வண்டியைத் தள்ளி, மெக்கானிக்கை வரவழையுங்கள்.

பழைய வண்டி வாங்குவது இழிவுமன்று, வீண் துணிவுமன்று. சேமித்த பணத்தை அறிந்து செலவிடும் குடும்பத்தாருக்கு அது நல்ல துணை. வண்ணத்தை நம்பாது விரிப்பைத் தூக்கிப் பார்ப்போம்; வாய்ச்சொல்லை நம்பாது ரசீதைக் கேட்போம். அங்ஙனம் தேர்ந்த வண்டி, நம் வீட்டு முதியவரை நள்ளிரவிலும் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும்.