ஆப்பிரிக்கா தூரம்... அமராவதி பக்கம்!

டி.வி.யில சிங்கம் மானைத் துரத்துறப்ப எல்லாம், 'மாப்ள, ஒரு தடவையாவது ஆப்பிரிக்கா சஃபாரி போயிரணும்டா'ன்னு ஃபீல் பண்ற ஆளா நீங்க? கண்டிப்பா போங்க. ஆனா, பாஸ்போர்ட், விசா, சில லட்சம் ரூபாய் எல்லாம் சேர்றதுக்குள்ள, திருப்பூர் பஸ் ஸ்டாண்டிலேர்ந்து ஒரு ட்ரிப் அடிக்கலாம், வர்றீங்களா?

சுவாஹிலி மொழியில 'சஃபாரி'ன்னா 'பயணம்'. அவ்வளவுதான். ஆப்பிரிக்காவுல கைடு வெச்சு குரூப்பா கூட்டிட்டுப் போற டூர்களோட ஸ்பெஷலே, ஏரி, முள்காடு, புல்வெளின்னு நிலம் மாற மாற, மிருகங்களும் மாறுறதுதான். அந்த மேஜிக் நம்ம ஊர்லயும் உண்டு.

முதல் ஸ்டாப், ஊத்துக்குளி ரோடு பக்கம் நஞ்சராயன் குளம். விடியற்காலையில போங்க. வடக்கேயிருந்து திருப்பூரைத் தேடி வர்றது மனுஷங்க மட்டும் இல்லீங்க. இமயமலைக்கு மேலே பறந்து வர்ற வரித்தலை வாத்தும் குளிர்காலத்துல இங்கே வந்து எறங்குது. சாயக்கழிவுன்னாலே பேப்பர்ல அடிபட்ட ஊர்ல இருக்கிற இந்தக் குளம், 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆச்சு. 2024-ல் ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்தது. அதாவது, உலக அளவில் முக்கியமான ஈரநிலம்!

அடுத்து, உடுமலை வழியா அமராவதி அணை. மலையடிவாரத்துல இருக்கிற இங்கே, முதலைப் பண்ணை ஃபேமஸ். வாயைப் பிளந்துக்கிட்டு வெயில் காயற முதலைகளைப் பார்த்தா, கடைசி பீரியட் கிளாஸ் ஞாபகம் வரும்!

அணையைத் தாண்டினா ஆனைமலை புலிகள் காப்பகம். மூணாறு ரோட்டைப் பிடிச்சா, கேரள எல்லையில சின்னார் சரணாலயம். கேரளான்னா பச்சைப்பசேல்னு நினைப்பீங்க. இங்கேயோ முள்ளும் கள்ளியும்தான். தென்மேற்குப் பருவ மேகங்களை மலை மறிச்சிடுறதால, இந்தப் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 500 மி.மீ. மழைதான். அதனாலதான் இங்கே நட்சத்திர ஆமை. ஆத்தோரம் இருக்கிற பெரிய மரங்கள்ல சாம்பல் நிற மலை அணில். வனத்துறை அனுமதியோட, அங்கேயே வாழற பழங்குடி மக்கள்தான் கைடா வந்து கூட்டிட்டுப் போறாங்க. நீங்க வெறும் புதர்னு தாண்டிப் போற இடத்துல, அவங்க கண்ணுக்கு மான் தெரியும்!

மறையூர் தாண்டி மலை ஏறுங்க. சட்டுனு குளிரும். மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்கா, 97 சதுர கி.மீ. புல்வெளியும் சோலைக்காடும். உள்ளே வனத்துறை பஸ்லதான் போகணும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேற எங்கேயும் இல்லாத வரையாடு, உலகத்திலேயே அதிகமா இருக்கிறது இங்கேதான். 2018-ல் பூத்த குறிஞ்சி, இனி 2030-ல். பழைய கேங்கைத் திரும்ப ஒண்ணு சேர்க்க சூப்பர் சாக்கு!

இப்போ கொஞ்சம் சீரியஸ் மேட்டர். உடுமலை–மூணாறு ரோட்டுல பைக் கூட்டம் சீறிக்கிட்டுப் போறதைப் பார்த்திருப்பீங்க. கோடையில காடு காய்ஞ்சதும், யானைங்க அமராவதி அணைத் தண்ணியைத் தேடி இந்த ரோட்டைத்தான் கடக்குது. நமக்கு அது ஸ்டேட் ஹைவே. அதுக்கு தண்ணி குடிக்கப் போற வழி. வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிச்சு, செல்ஃபி எடுத்தா, குட்டியோட வந்த யானை தண்ணி குடிக்காமலேயே காட்டுக்குள்ள திரும்பலாம். இல்லாட்டி நம்மளைத் துரத்தலாம். ரெண்டுமே நம்மாலதான்.

ஆப்பிரிக்கப் பூங்காக்கள்ல கண்ட இடத்துல வண்டியை விட்டு இறங்க முடியாது. கைடு சொன்னா சொன்னதுதான். அங்கே ஆயிரம் டாலர் கட்டிட்டு வாயை மூடிக்கிட்டு உட்கார்ற நாம, இங்கே மட்டும் ஏன் பாட்டு போட்டு ஆடணும்?

பத்துப் பேரா சேர்ந்து, முன்கூட்டியே அனுமதி வாங்கி, கைடோட போங்க. வரையாடு குட்டி போடற பிப்ரவரி, மார்ச் வாக்குல இரவிகுளத்தை மூடிடுவாங்க, அதை விசாரிச்சுக்கோங்க. கொண்டுபோற பிளாஸ்டிக் எல்லாம் உங்க பையிலேயே திரும்பி வரட்டும். வழியில யானை நின்னா தள்ளியே நில்லுங்க. அது முதல்ல போகட்டும். தண்ணி தாகம் அதுக்குத்தான்!