வெள்ளி விலை தந்த துணிச்சல்

கனடாவின் பழைய வெள்ளி டொலர்களை ஏன் சேர்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் வரலாறு, கலை என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். உண்மை அவ்வளவு வடிவானதல்ல. போட்ட காசு முழுதாகப் போய்விடாது என்ற எண்ணம்தான் என்னை இதற்குள் இறக்கியது. 1935 முதல் 1967 வரையான டொலர்களில் 80 வீதம் வெள்ளி, மிச்சம் செம்பு. எடை 23.3 கிராம். அதில் தூய வெள்ளி மட்டும் 18.66 கிராம், அதாவது 0.6 ட்ரோய் அவுன்ஸ். இந்தப் பழக்கம் நாளைக்கு அலுத்துப்போனாலும் உருக்கும் விலைக்காவது யாராவது எடுப்பார்கள். இப்படிக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் முதல் காசை வாங்கினேன்.

"ஒரு டொலருக்கு இத்தனை டொலர் குடுக்கிற மனுசனை இப்பத்தான் பார்க்கிறன்" என்றாள் மனைவி. அவுன்ஸ் கணக்கை எடுத்துச் சொன்னேன். "அப்ப வெள்ளிக் குத்துவிளக்கா வாங்கியிருந்தா சாமியறையில எண்டாலும் வைச்சிருக்கலாம்" என்றாள். இதற்கு நல்ல பதில் இன்னும் கிடைக்கவில்லை.

ஆனாலும் இந்தக் கஞ்சக் கணக்கை நான் குறை சொல்லமாட்டேன். புதிதாகத் தொடங்குகிறவர் 1960களில் இலட்சக் கணக்கில் அடித்த டொலர்களோடு தொடங்குவதுதான் நல்லது. அவற்றின் விலை வெள்ளி விலையை ஒட்டியே இருக்கும். பார்த்துப் பழகுவதற்கு அதிகம் செலவாகாது. ரொறொன்ரோவுக்கு வெளியே ஒரு மண்டபத்தில் நடந்த நாணயச் சந்தையில் வயதான வியாபாரி ஒருவர் எனக்கு இதைத்தான் சொல்லித்தந்தார். ஒரே ஆண்டு டொலர்கள் மூன்றை மேசைவிளக்கின் கீழ் வைத்து, எது நன்றாக மின்னுகிறது என்று கேட்டார். காட்டினேன். "இந்த மூன்றிலும் இதற்குத்தான் விலை குறைவு" என்றார்.

யாரோ அதைத் துலக்கியிருந்தார்கள். அச்சு வந்து மோதும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளாகப் பதிந்துவிடுகிறது. கை படாத காசை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால் ஒளி வண்டிச்சில்லின் ஆரக்கால்கள் போலச் சுற்றி வரும். துலக்கிய காசில் ஒளி சுற்றாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளிறி மின்னும். உருப்பெருக்கியில் பார்த்தால் துணி போன வழியில் கீறல்கள் தெரியும். எங்கள் வீடுகளில் வெள்ளி கறுத்தால் திருநீறு போட்டுத் தேய்ப்பது வழக்கம். அந்தக் கையை இந்தப் பக்கம் வரவிடக்கூடாது. காற்றிலுள்ள கந்தகம் பட்டு மெல்ல நிறம் மாறிய காசை, அந்த நிறத்துக்காகவே கூடக் கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த வியாபாரி சொன்ன மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காசை விளிம்பில் பிடிக்கவேண்டும். பிவிசி கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறையில் போட்டால் நாளடைவில் பச்சை நிறத்தில் பிசுபிசுப்புப் படியும். ஒரு சிறிய தராசும் காந்தமும் கையோடு இருக்கவேண்டும். விட்டம் 36 மில்லிமீற்றர். காந்தம் இழுத்தால் அது வெள்ளியல்ல. 1968 முதல் 1986 வரை புழக்கத்துக்கு வந்த டொலர்கள் நிக்கலால் ஆனவை, 32 மில்லிமீற்றராகச் சிறுத்தவை. 1971 முதல் 1991 வரை சேகரிப்பவர்களுக்காக அடித்த டொலர்களில் மறுபடி வெள்ளி வந்தது, ஆனால் 50 வீதம்தான். எடையும் அளவும் பழைய டொலருடையவையே. ஆகவே அங்கே தராசை நம்பிப் பயனில்லை, ஆண்டைப் பார்க்கவேண்டும். அந்த 1971இலும் ஒரு சிக்கல்: பிரிட்டிஷ் கொலம்பியா கூட்டாட்சியில் சேர்ந்த நூற்றாண்டுக்கு நிக்கலில் ஒரு டொலரும் வெள்ளியில் ஒரு டொலரும் வெளிவந்தன.

தராசையும் காந்தத்தையும் வைத்துவிட்டு முதல்முறையாக நான் காசையே பார்க்கத் தொடங்கியது 1935ஆம் ஆண்டு டொலரில். ஐந்தாம் ஜோர்ஜ் அரியணை ஏறி இருபத்தைந்து ஆண்டு நிறைந்ததற்காக வெளிவந்த, கனடாவின் முதல் வெள்ளி டொலர் அது. மறுபக்கத்தை வடித்தவர் இம்மானுவேல் ஹான், ஜெர்மனியில் பிறந்து ரொறொன்ரோவில் வாழ்ந்த சிற்பி. ஒரு வள்ளம். அதில் உரோமத் தோல் வியாபாரத்துக்குத் துடுப்புப் போடும் வொயாஜர் ஒருவர், கூடவே ஒரு முதற்குடி மனிதர். நடுவில் சரக்குக் கட்டுகள். அவற்றில் ஒன்றில் ஹட்சன் பே கம்பனியின் எச்.பி. என்ற எழுத்துகள், உருப்பெருக்கி இருந்தால்தான் தெரியும். பின்னால் மரங்கள் நிற்கும் சின்னத் தீவு. அதற்கும் பின்னால் மெல்லிய நேர்கோடுகள் வானத்தில் ஏறுகின்றன. உலோகக் குறை என்றுதான் தோன்றும். வடதுருவ ஒளியை ஹான் அப்படி வரைந்திருக்கிறார். இவ்வளவு குளிரை இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் கொண்டுவந்த காசு வேறு ஏதும் எனக்குத் தெரியாது.

இன்று சட்டைப்பையில் கிடக்கும் ஒரு டொலர்க் குத்தியிலும் இதே வள்ளம் வந்திருக்கவேண்டும். 1986இல் ஒட்டாவாவிலிருந்து வின்னிபெக்குக்கு அனுப்பிய மூல அச்சுகள் வழியில் காணாமல் போய்விட்டன. கள்ளக்காசு அடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் படத்தையே மாற்றினார்கள். ரொபேர்ட் ரால்ஃப் கார்மைக்கேல் வரைந்த லூன் பறவை 1987இல் உள்ளே வந்தது. வள்ளம் போனதில் எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

வெள்ளிக் கணக்கு உதவாமல் போன இடம் 1947. ஆறாம் ஜோர்ஜின் தலையைச் சுற்றி, அவர் மன்னர் மட்டுமல்ல, இந்தியாவின் பேரரசரும்கூட என்று லத்தீனில் சுருக்கி எழுதியிருக்கும். 1947 ஓகஸ்டில் இந்தியா சுதந்திரம் பெற்றது. அந்த எழுத்து இல்லாத புது அச்சுகள் இலண்டனிலிருந்து வரவேண்டும். வரத் தாமதமாயிற்று. 1948 பிறந்துவிட்டது, நாட்டுக்கோ சில்லறை வேண்டும். ஒட்டாவாவில் பழைய அச்சையே எடுத்து 1947 என்றே அடித்தார்கள். பிந்தி அடித்தவை என்று தெரிவதற்காக ஆண்டுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு மேப்பிள் இலையை வைத்தார்கள். இலை வைத்த டொலர்கள் 21,135. புது அச்சு வந்து சேர்ந்தபோது ஆண்டில் மிச்சமிருந்த காலம் குறைவு. அதனால் 1948 என்று பொறித்தவை 18,780 மட்டுமே. தொடக்கக்காரர் எல்லோரும் கனவு காண்பது இந்த 1948ஐத்தான்.

எனக்கு அதில் ஆசை வரவில்லை. பொய் சொல்லக்கூடாது, விலையும் ஒரு காரணம். ஆனால் இலை வைத்த 1947 நித்திரையைக் கெடுத்தது. யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் தகரப்பெட்டியில் 1943ஆம் ஆண்டுப் பித்தளை ஐம்பது சதம் ஒன்று கிடந்தது. இலங்கைக் காசு, ஆனால் அதிலும் மன்னரை இந்தியாவின் பேரரசர் என்றுதான் எழுதியிருக்கும். சிறுவயதில் அது எனக்கு விளங்கவில்லை. அம்மம்மா இந்தியாவுக்குப் போனவரும் அல்ல, மன்னரைப் பற்றிக் கதைத்தவரும் அல்ல. அதே பட்டம், ஆட்சி போனபிறகும் அச்சு வராத காரணத்தால் ஒட்டாவாவில் வெள்ளியில் விழுந்துகொண்டிருந்தது என்பதை வாசித்தபோது, அந்த டொலர் எனக்கு வேண்டும் என்று முடிவெடுத்தேன். மன்னரும் அந்தப் பட்டத்தை 1948 ஜூனில்தான் முறைப்படி விட்டார்.

பல மாதம் பொறுத்து, ரொறொன்ரோவில் இயங்கும் ஐசிசிஎஸ் நிறுவனத்தின் தரச்சான்று உள்ள காசாகப் பார்த்து வாங்கினேன். இலை சின்னது, சாதாரண 1947இல் ஒட்டவைத்து ஏமாற்றுவார்கள். இந்த ஆண்டுக் காசைச் சான்றில்லாமல் வாங்குவது தொடக்கக்காரருக்கு ஆகாது. உருக்கினால் இதிலும் அதே 18.66 கிராம்தான். கொடுத்த விலைக்குப் பக்கத்தில் அந்தக் கணக்கைக் கொண்டுபோகவே முடியாது. கொண்டுபோகவில்லை.

சில பித்துகள் இன்னும் எனக்குத் தொற்றவில்லை. 1955இல் ஒன்ராறியோவின் ஆர்ன்பிரையர் ஊரில் ஒரு கம்பனி, தொழிலாளருக்கு நத்தார்ப் பரிசாகக் கொடுக்க வெள்ளி டொலர்கள் கேட்டு வாங்கியது. அவற்றில் வள்ளத்துக்கு வலப்புறம் இருக்கவேண்டிய நீர்க்கோடுகள் முழுதாக இல்லை, ஒன்றரைதான். அச்சை அளவுக்கு மீறித் தேய்த்ததில் மறைந்துபோனவை. கதை நல்ல கதை. இல்லாத கோட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்க மனம் வரவில்லை. 1958ஆம் ஆண்டுக் குலமரபுக் கம்பம் பொறித்த டொலர் வேறு மாதிரி. உச்சியில் இருக்கும் காகம் சாவின் அடையாளம் என்று கதை பரவி, 'சாவு டொலர்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. முப்பது இலட்சத்துக்கும் மேல் அடித்தது, மலிவு. தொடக்கக்காரர் கட்டாயம் ஒன்று வாங்கலாம்.

வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பழைய குணம் எட்டிப்பார்க்கிறது. 1980இல் வெள்ளி ஐம்பது அமெரிக்க டொலரைத் தொட்டபோது எத்தனையோ காசுகள் உருக்கப்போயின என்று முதியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். பிந்திய ஓர் ஏற்றத்தில் நானும் தராசையும் கால்குலேட்டரையும் எடுத்து மேசையில் வைத்தேன். தொடக்கத்தில் வாங்கிப்போட்ட 50 வீத டொலர்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 1973ஆம் ஆண்டுக் குதிரைப் பொலிஸ், 1974ஆம் ஆண்டு வின்னிபெக், 1975ஆம் ஆண்டுக் கல்கரி. எல்லாம் பெட்டியோடு இருந்தவை. அந்த ஆண்டுகளில் வாங்கியவர்கள் எல்லோரும் பெட்டியோடுதான் வைத்திருக்கிறார்கள், அதனால் வெள்ளி விலைக்கு மேல் எழும்புவது அபூர்வம். கொடுக்கும்போது துளியும் வருத்தமில்லை.

அந்தக் காசோடு நேரே போய் 1949ஆம் ஆண்டு டொலர் ஒன்றை எடுத்தேன். நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேர்ந்த ஆண்டு அது. வள்ளத்துக்குப் பதில் ஜோன் கபோட்டின் மத்தியூ கப்பல், தோமஸ் ஷிங்கிள்ஸ் வடித்தது. இந்த ஆண்டுக் காசு நல்ல பளபளப்போடு தாராளமாகக் கிடைக்கும். மங்கலானதை வாங்கத் தேவையில்லை என்பதால் ஒவ்வொன்றாக விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்து எடுத்தேன். வெள்ளி விலைக்கு மேல் எவ்வளவு போனது என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.