பல் பார்க்க முடியாத மாடு

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். காசு கொடுத்து வாங்கும் மாட்டுக்கு இவ்விதி பொருந்தாது. எமது பாட்டனார் காலத்தில் வண்டில் மாடு வாங்கச் சென்றவர் பல்லை எண்ணுவார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுக் குளம்பைக் கவனிப்பார், அதன் பின்னரே மடியை அவிழ்ப்பார். இன்று தோட்டக்காரருக்கும் மீன் வியாபாரிக்கும் அம்மாட்டின் இடத்தில் நிற்பது டீசல் பிக்கப். அதற்குப் பல்லும் இல்லை, சுழியும் இல்லை. முதற் பார்வைக்கு அகப்படுவன பளபளக்கும் வர்ணமும், ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரும் மாத்திரமே. இவ்விரண்டையும் நம்பி வாங்குதல், கழுத்து மணியைக் கண்டு மாடு வாங்குவதை ஒக்கும்.

பழைய வண்டிகளுக்கு இத்தனை கிராக்கி ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு 2020 மார்ச்சில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில், ஓய்வு பெறவேண்டிய வண்டிகளும் சுமை இழுத்தன. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்ட நாட்களில் டீசலுடன் மண்ணெண்ணெய் கலந்து ஓடிய வண்டிகளும் உண்டு. டீசல் பம்புக்கு வழுவழுப்பைத் தருவது அதனூடே செல்லும் டீசலேயாம். மண்ணெண்ணெயில் அப்பசை போதாது. பம்பு உள்ளே தேயும். ஆதலால் ஒரு வண்டியின் வயதைக் கேட்டால் மாத்திரம் போதாது. அது எவ்வாறு வாழ்ந்தது என்றும் கேட்டல் வேண்டும்.

சென்ற ஆண்டு எமது சகோதரியின் மகன், தோட்டத்து வெங்காயத்தையும் மரக்கறியையும் சுன்னாகச் சந்தைக்கு ஏற்றுவதற்கு ஒரு பிக்கப் வாங்க எண்ணினான். பணத்திற் பாதி அவனது சேமிப்பு. மறு பாதி தாயாரின் நகையை அடகு வைத்துப் பெற்றது. வண்டி ஓடினால் நகை மீளும். வண்டி நின்றால் நகையும் அடகுக் கடையிலேயே நிற்கும். இதனை மனத்திற் கொண்டே அவனுடன் சென்றோம்.

முதலிற் பார்த்த வண்டி வீதியோர விற்பனையிடம் ஒன்றில் நின்றது. அதன் வெள்ளை வர்ணம் கண்ணைப் பறித்தது.

“புதுசு மாதிரிக் கிடக்கு, மாமா” என்றான் மருமகன்.

நாம் எஞ்சின் மூடியின் மேற் கையை வைத்தோம். சூடாக இருந்தது. நாம் வருவதன் முன்னரே எவரோ அதனை இயக்கி வைத்திருந்தனர். பெற்றோல் எஞ்சினைப் போல டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கும்போது எழும் வெப்பமே டீசலைப் பற்ற வைக்கின்றது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தால் இந்நெருக்கம் குறையும். குளிர்ந்திருக்கும் எஞ்சின் எழும்ப மறுக்கும். எனவே காலையில் முதன்முறை இயக்கும்போது கேட்பதே டீசல் வண்டியின் மெய்யான வாக்குமூலம். சூடேற்றி வைத்த வண்டியோ, சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்த சாட்சியாகும்.

மீற்றர் ஒரு லட்சத்துச் சொச்சம் கிலோமீற்றர் என்றது. பிறேக் மிதியின் றப்பரோ இரும்பு தெரியத் தேய்ந்து கிடந்தது. கீழே குனிந்து பார்த்தோம். செசி முழுவதும் புதிதாகத் தார் பூசியிருந்தார்கள். திருப்புளி முனையால் மெல்ல அழுத்தியபோது, பின் சக்கரத்தருகே தார் உள்ளே அமிழ்ந்து துருத் தூள் உதிர்ந்தது. கரையோரத்தில் மீன் ஏற்றும் வண்டிகளுக்கு வரும் நோய் இது. ஐஸ் உருகிய உப்பு நீர் பெட்டியின் பொருத்துகளால் ஒழுகிச் செசியின் மேல் விழும். எஞ்சினை மாற்றலாம்; முதுகெலும்பை மாற்றுவது எங்ஙனம்?

“தார் பூசினது பாதுகாப்புக்குத்தானே, மாமா?” என்றான் அவன்.

நாம் அஞ்சியது இக்கேள்விக்கே. ஒரு பொருளின் மேல் ஆசை விழுந்ததும் வாங்குபவனே விற்பவனின் வக்கீலாகிவிடுகின்றான். துருவிலும் மோசமானது இது. துருவைத் திருப்புளி காட்டிக் கொடுக்கும். ஆசையைக் காட்டிக் கொடுக்க எவ்வாயுதமும் இல்லை. மறுமொழி கூறாமல் அவனிடமே திருப்புளியைக் கொடுத்தோம். இரண்டாம் முறை அவன் அழுத்தினான்; பின்னர் பேசவில்லை.

இரண்டாவது வண்டி உரும்பிராயில் ஒரு தோட்டக்காரருடையது. பழைய ஹைலக்ஸ், 5எல் எனப்படும் 3 லீற்றர் எஞ்சின், மின்கணினி எதுவும் இல்லாதது, ஊர்க் கராஜிலேயே திருத்தத் தக்கது. விடியற்காலையில் வருவோம், அதுவரை இயக்க வேண்டாம் என முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். தெரிந்த மெக்கானிக் ஒருவரும் உடன் வந்தார்.

எஞ்சின் குளிர்ந்திருந்தது, இரண்டாம் முறையில் எழும்பிற்று. சற்று வெண்புகை வந்து மறைந்தது. வெண்புகை மறையாது நின்றால் எரியாத டீசலோ, உட்புகுந்த நீரோ காரணமாகலாம். நீலப் புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை காற்றுக் குறைவையோ, டீசல் மிகுதியையோ காட்டும். எஞ்சின் ஓடும்போதே மெக்கானிக் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். வளையங்கள் தேய்ந்திருந்தால் அவ்வழியே புகை குமுறி வரும். இங்கு மெல்லிய ஆவியே வந்தது. எண்ணெய் கறுத்திருந்தது கண்டு மருமகன் திடுக்கிட்டான். டீசல் எஞ்சினில் எண்ணெய் கறுப்பது இயல்பே. பால் போல வெளுத்திருந்தால் மாத்திரமே அஞ்ச வேண்டும்.

றேடியேற்றரையும் மறந்தோமல்லோம். சுண்ணாம்புக் கல்லில் ஊறி வரும் எமது கிணற்று நீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை இல்லத்தரசிகள் அறிவர். அதே படிவு றேடியேற்றர் குழாய்களையும் அடைத்து எஞ்சினைக் கொதிக்க வைக்கும்.

அவ்வேளையில் உரிமையாளர் தாமாகவே சொன்னார்: “றேடியேற்றர் போன வருஷம் மாத்தினது. ரைமிங் பெல்ற் மாத்தின துண்டும் கிடக்கு. ஆனால் தம்பி, கிளச் இன்னும் ஆறு மாதத்துக்கு மேலே தாங்காது.”

கைப்பிறேக்கை இழுத்து, மூன்றாம் கியரிற் போட்டு, கிளச்சை விட்டுப் பார்த்தோம். நல்ல கிளச்சாயின் எஞ்சின் உடனே அணைந்திருக்கும். இது சிறிது வழுக்கிய பின்னரே அணைந்தது. அவர் வாயாற் சொன்ன குறையையே வண்டியும் சொல்லிற்று. அக்கணமே எமது மனம் துணிந்தது. இப்பொருத்தத்தை வேறெந்தப் பரிசோதனையும் எமக்குக் காட்டியிருக்க மாட்டாது.

பதிவுச் சான்றிதழிலுள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியோடு ஒப்பிட்டோம். லீசிங் நிறுவனத்தின் பெயர் எதுவும் நிலுவையில் இல்லை என்பதைக் கண்டோம். புதுக் கிளச்சின் செலவை விலையிற் கழிக்க உரிமையாளரும் இசைந்தார்.

நம்பத் தக்க பழைய வண்டி என்பது குறையற்ற வண்டியன்று. அப்படி ஒன்று உலகத்தில் இல்லை. குறை இன்னதென்று தெரிந்த வண்டியே நம்பத் தக்கது. தெரிந்த குறைக்கு விலை உண்டு, நாள் உண்டு, ஆயத்தமும் உண்டு. மறைத்த குறையோ தான் விரும்பிய நாளில், நடுவீதியில், சுமையோடு நிற்க வைக்கும்.

கிளச் ஐந்தாம் மாதத்திலேயே போயிற்று. அதற்கென ஒதுக்கிய பணம் எமது சகோதரியின் அலுமாரியில் இருந்தது. இரண்டு நாட்களில் வண்டி மீண்டும் சந்தைக்கு ஓடிற்று. அடுத்த மாதம் முதலாவது காப்பு வீடு திரும்பியது.