ஒரே ஒரு வாட்... ஒரே ஒரு 'பீப்'!

உங்க ரூம்ல எரியற எல்.இ.டி. பல்பு எத்தனை வாட்? பெரும்பாலும் ஒன்பது. உலகத்தோட முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக்-1, தன் ரேடியோ டிரான்ஸ்மிட்டருக்கு வெச்சிருந்த பவர் எவ்வளவு தெரியுமா? வெறும் ஒரு வாட்! அதை வெச்சுக்கிட்டே 1957 அக்டோபர் 4-ம் தேதி உலகத்தையே அண்ணாந்து பார்க்க வெச்சாங்க சோவியத் இன்ஜினீயர்கள்.

அது பேசினது 'பீப்... பீப்...' அவ்வளவுதான். மொக்கைனு நினைச்சுடாதீங்க. ஒவ்வொரு பீப்பும் சுமார் 0.3 செகண்ட். 20 மெகாஹெர்ட்ஸ்ல ஒண்ணு, அது ஓயறப்போ 40 மெகாஹெர்ட்ஸ்ல இன்னொண்ணு. உள்ளே வெப்பமோ அழுத்தமோ எல்லை தாண்டினா, பீப்போட நீளம் மாறும். கேமரா கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது... பீப்போட நீளமே செய்தி!

20 மெகாஹெர்ட்ஸ் எதுக்கு? ஷார்ட்வேவ் ரிசீவர் வெச்சிருக்கிற எந்த ஹாம் ரேடியோக்காரரும் கேட்கலாமே! 108 மெகாஹெர்ட்ஸுக்கு ஸ்டேஷன் கட்டிவெச்சிருந்த அமெரிக்கர்கள்தான் அவசர அவசரமா மாத்தவேண்டியதாச்சு.

வால்வு சர்க்யூட் கரன்ட்டைக் குடிக்குமே? அதனால 83.6 கிலோ ஸ்புட்னிக்ல பேட்டரி மட்டும் 51 கிலோ. அப்படியும் மூணே வாரத்துல பீப் நின்னுபோச்சு.

அடுத்து 1958 மார்ச் 17-ல அமெரிக்கா அனுப்பின வான்கார்டு-1. எடை ஒண்ணரை கிலோதான். வால்வுக்குப் பதிலா டிரான்ஸிஸ்டர். பேட்டரியில ஓடின 10 மில்லிவாட் டிரான்ஸ்மிட்டர் ஜூன் மாசமே அவுட். சோலார் செல்லுல ஓடின 5 மில்லிவாட் குட்டிப் பையன்? 1964 வரைக்கும் பேசினான்!

எனக்கு ரொம்பப் பிடிச்ச மேட்டர் இதுதான். ஸ்புட்னிக் பீப்பைக் கேட்ட வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபென்பாக்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், டாப்ளர் மாற்றத்தை வெச்சே அது எந்தப் பாதையில போகுதுனு கணக்குப் போட்டாங்க. 'அப்போ பாதை தெரிஞ்சா, கேட்கிறவன் எங்கே நிக்கிறான்னு கண்டுபிடிக்கலாமே!'னு 1958-ல கணக்கைத் திருப்பிப் போட்டார் ஃபிராங்க் மெக்ளூர். அதுல பிறந்ததுதான் டிரான்ஸிட்... நம்ம ஜி.பி.எஸ்ஸோட முன்னோடி.

இதெல்லாம் இப்போ எதுக்கு? எங்க மினி புராஜெக்ட்டுக்காகத்தான். ரெடிமேடா வாங்கினா ஆளுக்கு ரெண்டாயிரம் ரூபாய். நாலு பேர் டீம்ல ஒருத்தனுக்கு மெஸ் பில்லே பாக்கி. ஆனாலும் 'சரி மச்சி, வாங்கிடலாம்'னு தலையாட்டினான். அந்தத் தலையாட்டல்தான் என்னைத் தூங்கவிடலை.

மறுநாள் நான் நீட்டினது ஒரு 555 டைமர், ஒரு தெர்மிஸ்டர், ஒரு பஸ்ஸர். மொத்தச் செலவு இருநூறு ரூபாய்க்குள்ள. சூடான டீ கிளாஸைப் பக்கத்துல வெச்சா, பீப் வேகமாகும். ஸ்புட்னிக் ஐடியாவேதான்! 'இவ்ளோதானா?'னு ரெண்டு பேர் முகம் சுளிச்சாங்க. மெஸ் பில் பார்ட்டி மட்டும் டீ கிளாஸை நகர்த்தி நகர்த்தி வெச்சு, ஒவ்வொரு தடவையும் பீப்பை எண்ணி நோட்டுல எழுதிக்கிட்டிருந்தான்.

வர்ற வாரம் வைவா. எக்ஸ்டர்னல் என்ன சொல்வார்னு தெரியாது. ஆனா, எந்த ரெசிஸ்டர் எதுக்குனு கேட்டா, நாலு பேரும் பதில் சொல்வோம் பாஸ்!