மைலோ டின்

திருகாணி வேண்டுமென்றால் இன்றும் அந்த மைலோ டின்னைத்தான் கவிழ்க்கிறேன். அதற்குள் இரண்டு சாதி: ஹார்ட் டிஸ்க்குக்குப் பருமனான மரை, சிடி டிரைவுக்கு மெல்லிய மரை. கலந்து போட்டதற்காகச் சித்தப்பாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

சித்தப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கொழுந்து உருட்டும் மெஷினைப் பிரித்துப் பூட்டிய கை, 1995 வாக்கில் 486 கம்ப்யூட்டருக்கு வந்தது. ஈப்போவில் யாரோ கழித்துக்கட்டிய பெட்டி. அதன் பவர் சப்ளையிலிருந்து இரண்டு பிளக் வரும், பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். இடம் மாற்றிச் செருகினால் போர்டு கருகிவிடும். "கறுப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் நடுவுல ஒட்டிக்கணும்டா" என்பார். அந்தப் பிளக்கே வழக்கொழிந்துவிட்டது. வாசகம் மட்டும் வாயில் நிற்கிறது.

சாமான் வாங்க எங்கள் மலையூர் திரிங்காப்பிலிருந்து தானா ராத்தா, அங்கிருந்து தாப்பா, பிறகு ஈப்போ. ஈப்போ பக்கம் நேராக இறங்கும் சிம்பாங் பூலாய் சாலை அப்போது இல்லை. கோலாலம்பூருக்கே போனால் இம்பி பிளாசா. ரேமைக் காலி சிகரெட் பெட்டிக்குள் வைத்துச் சட்டைப் பையில் கொண்டுவருவார். வளைவுக்கு வளைவு எனக்கு வாந்தி. அவருக்கோ பையைத் தொட்டுப் பார்ப்பதே வேலை.

போர்டுக்குள்ளும் ஒரு பஸ் ஓடுகிறது, தாப்பா பஸ்ஸைவிட அது பரவாயில்லை என்று சிரிப்பார். 1998இல் வந்த செலரான் 300ஏ சிப்பில் அந்த பஸ்ஸை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு ஏற்றினால் 300 என்பது 450 ஆகிவிடும். ஒரு வெள்ளி செலவில்லை. சமவெளிக்காரர்கள் சூட்டுக்குப் பயந்து பெரிய விசிறி தேடினார்கள். நாங்கள் பெட்டியின் மூடியைக் கழற்றி ஜன்னலைத் திறந்துவைத்தோம், அவ்வளவுதான்.

அதே ஜன்னல் வழியாகத்தான் பனியும் வரும். விடியற்காலையில் மெஷின் எழாமல் பீப் பீப் என்று கத்தும். ரேமை உருவி, அதன் பொன்னிறப் பற்களை என் பள்ளி ரப்பரால் தேய்த்துச் செருகுவார். கத்தல் நின்றுவிடும். கோயில் திருவிழா நோட்டீசை முரசு அஞ்சல் மென்பொருளில் தட்டச்சு செய்த இரவுகளில் இது எத்தனை முறை நடந்ததோ.

உதிரி போர்டுகளைத் 'தமிழ் நேசன்' தாளில் சுற்றி அலமாரியில் அடுக்குவார். பூஞ்சை பிடிக்காமலிருக்க உள்ளே ஒரு குண்டு பல்ப் இரவும் பகலும் எரியும். அந்த நாளிதழ் 2019இல் நின்றுபோனது. சித்தப்பா அதற்கு முன்பே போய்விட்டார். போர்டுகளில் இரண்டு இன்னும் எழுகின்றன.

பல்பைச் சித்தி அணைப்பதில்லை. கேட்டால், "அவரு சாமான் ஈரமாயிடும்ல?" போன மாதம் அது ஃபியூஸ் போனது. கடையில் எல்இடிதான் கிடைத்தது; வாங்கி மாட்டியிருக்கிறார். வெளிச்சம் நன்றாக வருகிறது. கையை வைத்துப் பார்த்தேன், சூடே இல்லை. அவரிடம் சொல்லவில்லை.