பழைய கார்: ஓராண்டின் கேள்வி பதில் குறிப்புகள்

சித்திரை

பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் எந்தக் கேள்வி முதலில் எழும் என்பதைச் சென்னையில் பருவமே முடிவு செய்கிறது. சித்திரையில் வருவது இது: "அண்ணே, காலையில வண்டி நல்லா ஓடுது. மத்தியானம் சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுது. அரை மணி நேரம் விட்டா தானா ஸ்டார்ட் ஆகுது. என்னவா இருக்கும்?"

உடனே வரும் பதில் 'வேப்பர் லாக்'. எஞ்சினை ஒட்டிச் செல்லும் பெட்ரோல் குழாயும் பம்பும் சூடேறும்போது உள்ளிருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். மெக்கானிக்கல் பம்பு திரவத்தைத் தள்ளும். ஆவியைத் தள்ளத் திணறும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராமல் வண்டி நிற்கும். பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவது அந்த நேரத்துக்கு உதவும். குழாயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலக்கி மாட்டுவதும், இடையில் ஒரு தகரத் தடுப்பு வைப்பதும், ரேடியேட்டரைக் கழுவிச் சுத்தம் செய்வதும்தான் நிரந்தரத் தீர்வு.

ஆனால் அனுபவசாலி இந்த விடையைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பார்: "நின்னப்போ ஸ்பார்க் பாத்தீங்களா?" இதே அறிகுறிகளைச் சூட்டில் செயலிழக்கும் கண்டென்சரும் இக்னிஷன் காயிலும் காட்டும். வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே சோதித்துவிட வேண்டும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு வரும் தடித்த ஒயரைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட குறட்டால் எஞ்சின் பிளாக்குக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்து, ஒருவரை ஸ்டார்ட்டர் போடச் சொல்ல வேண்டும். பெட்ரோல் கசிவு இருந்தால் இதைச் செய்யவே கூடாது. பொறி நீலமாக, சத்தத்தோடு தாவினால் மின்சாரப் பக்கம் சரி. குறை பெட்ரோல் பக்கம். மஞ்சளாக, மெலிந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கண்டென்சரையும் பாயிண்டையும். பம்பின் மேல் கண்ணாடிக் கிண்ணம் உள்ள வண்டிகளில் குமிழிகள் கண்ணுக்கே தெரியும். ஸ்பார்க் பார்க்காமல் பம்பை மாற்றியவர்கள் பணத்தை இழந்து, அதே சிக்னலில் மறுபடியும் நிற்கிறார்கள்.

வைகாசி

கத்திரி வெயிலில் பேச்சு பெட்ரோலுக்குத் திரும்புகிறது. இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது ஈயம். 2000 பிப்ரவரி 1 முதல் இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல்தான் விற்கப்படுகிறது. பெட்ரோலில் இருந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. அது இல்லாதபோது பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு சீட் மெதுவாகத் தேய்ந்து, வால்வு உள்ளே இறங்கும். இதற்காக எல்லாரும் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. அம்பாசிடரில் 1959-இல் வந்த 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சினுக்கு டேப்பட் இடைவெளி 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. சரிசெய்து விட்ட இடைவெளி சில மாதங்களில் குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது என்று பொருள். அப்போது லேத்தில் கொடுத்துக் கடினமான சீட் வளையம் போட வேண்டும். இடைவெளி மாறாமல் நின்றால், ஊருக்குள் மெதுவாக ஓடும் வண்டியை அப்படியே விடலாம்.

இரண்டாவது எத்தனால். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் அறிமுகமாகி, பிறகு நாடெங்கும் பரவியது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் டயாஃப்ரமையும் ஊறவைத்து இளக்கும். காற்றின் ஈரத்தை இழுக்கும். நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியே தங்கிவிடும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் பொருத்திய கார்புரேட்டரில் கலவை மெலியும். எனவே பதில் நேரானது: எத்தனாலைத் தாங்கும் குழாய், புதிய டயாஃப்ரம், தேவைப்பட்டால் ஓரளவு பெரிய மெயின் ஜெட். ஓடாமல் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பழைய பெட்ரோலை வைத்திருக்கவே கூடாது. குழாய் மாற்றுவதைத் தள்ளிப்போடுவது ஆபத்து. வெடித்த குழாயிலிருந்து பெட்ரோல் சூடான மேனிஃபோல்டில் சொட்டினால் கார் எரிந்துவிடும்.

ஆடி

ஆடியில் வண்டி வாங்குவோர் குறைவு. இருக்கும் வண்டியைப் பட்டறையில் விடுவோர் அதிகம். "இதோட ஒரிஜினல் கலர் எது?" என்ற கேள்விக்கு விடை காரிலேயே இருக்கிறது. கதவின் உள் அட்டையைக் கழற்றினாலும், டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தாலும், டிக்கி விரிப்பைத் தூக்கினாலும் யாரும் மறுபடி பெயிண்ட் அடிக்காத ஒரு சிறிய பரப்பு கிடைக்கும். டிங்கரிங் தொடங்குவதற்கு முன்பே அதைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டியும் பிரைமரும் ஏறிய பிறகு அந்தச் சான்று போய்விடும்.

ஆவணி

"உங்களுது எந்த வருஷ மாடல்?" என்பது எளிய கேள்வி போலத் தோன்றும். வண்டி பதிவான ஆண்டு ஒன்று; தயாரான ஆண்டு சில வேளை அதற்கு முந்தியது. எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் எஞ்சின் எண்ணை நம்பி ஆண்டு சொல்ல முடியாது. சேசிஸ் எண்தான் முதல் சாட்சி.

சென்னைக்காரர்களிடம் இந்தப் பேச்சு தவறாமல் ஸ்டாண்டர்டில் வந்து நிற்கும். அதில் நியாயமான பெருமிதமும் உண்டு. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் சென்னையில் கார் செய்த நிறுவனம். ஹெரால்டின் உற்பத்தி 1961-இல் இங்கே தொடங்கியது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த கார் அது. பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே பிளக்கைக் கழற்றலாம். அதைத் திறந்து காட்டாத ஹெரால்ட் சொந்தக்காரர் அரிது. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. "நாலு கதவு இருக்கே, யாராவது வெட்டி ஒட்டினதா?" என்று வெளிநாட்டுப் படங்களை மட்டும் பார்த்தவர்கள் கேட்பதுண்டு. இல்லை, அது தொழிற்சாலையில் பிறந்த உடலே.

ஐப்பசி

மழை பிடித்ததும் வரும் கேள்வி: "ராத்திரி நனைஞ்சுது, காலையில ஸ்டார்ட் ஆகல." டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உட்புறத்தையும் ரோட்டாரையும் உலர்ந்த துணியால் துடைத்து, பிளக் ஒயர்களையும் துடைத்தாலே பெரும்பாலான வண்டிகள் எழுந்துவிடும். மூடியில் தலைமுடி போன்ற கரிக்கோடு தெரிந்தால் அது விரிசல். ஈரத்தில் மின்சாரம் அதன் வழியே ஓடும். புது மூடிதான் தீர்வு.

தரையின் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்வதும் இந்த மாதத்தில்தான். கண்ணாடி ரப்பர் வழியே இறங்கும் நீர் விரிப்புக்கு அடியில் தங்கி, தகட்டை மேலிருந்து அரிக்கிறது. கீழே படுத்துப் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

கார்த்திகை

வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யலாமா? கூடாது. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நீரில் மூழ்கிய வண்டிகள் நகரில் ஏராளம். அவற்றில் பழைய கார்களும் இருந்தன. நீர் அமுக்கத்துக்கு ஒடுங்காது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது ஸ்டார்ட்டர் போட்டால் கனெக்டிங் ராடு வளையும். வெள்ளம் கெடுக்காத எஞ்சினை அவசரம் கெடுத்துவிடும்.

முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டு எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். ஸ்டார்ட்டிங் ஹேண்டில் போட இடம் உள்ள வண்டிகளுக்கு இங்கே பெரும் வசதி: நீர் பிளக் துளை வழியே பீய்ச்சி வெளியேறும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் அது நீர் கலந்த ஆயில். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றிலும் ஆயிலை வடித்து மாற்ற வேண்டும். பிரேக் டிரம்களைத் திறந்து உலர்த்தி, பிரேக் ஆயிலையும் மாற்ற வேண்டும். பெட்ரோல் டேங்க் கடைசியில் நினைவுக்கு வரும். அதையும் வடித்தே ஆக வேண்டும்.

மார்கழி

சோக் பற்றிய சந்தேகங்கள். சென்னைக் குளிருக்கு ஒரு நிமிடம் போதும். இழுத்த சோக்கைத் தள்ள மறந்து ஓட்டினால், மிகுதியான பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். போர் விரைவில் தேயும்.

தை

கண்காட்சிகளும் ஊர்வலங்களும் நடக்கும் காலம். கேள்விகள் காகிதத்துக்கு மாறும். "அம்பது வருஷம் ஆன வண்டிக்குத் தனி நம்பர் உண்டா?" உண்டு. மத்திய அரசு 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத கார்களையும் இரு சக்கர வாகனங்களையும் 'வின்டேஜ்' எனப் பதிவு செய்யலாம். புதிதாகப் பெறும் எண்ணில் மாநிலக் குறியீட்டுக்குப் பின் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். கட்டணம் புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். 'எம்.எஸ்.' என்று தொடங்கும் மதராஸ் எண்ணை உயிராக மதிப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

கேட்கப்படாமல் விடப்படும் பாதி ஒன்று உண்டு. வின்டேஜ் பதிவுள்ள வண்டியைத் தினசரி வேலைக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்ப்பு, பெட்ரோல் நிரப்புவது போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் அனுமதி. வாரம் முழுவதும் காரை ஓட்ட விரும்புபவர் வழக்கமான பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே சரி.

பங்குனி

"இந்தப் பார்ட்ஸ் எங்க கிடைக்கும்?" ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் முதல் விடை. பி-சீரிஸ் எஞ்சின் எம்ஜி கார்களிலும் ஓடியதால் அம்பாசிடரின் சில எஞ்சின் பாகங்களை வெளிநாட்டிலும் தேடலாம். அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. பத்மினி காரின் உற்பத்தி அதற்கு வெகுமுன்பே நின்றுவிட்டது. ஹெரால்டின் கண்ணாடி ரப்பர், விளக்கு வளையம் போன்றவற்றை இன்று செய்துதான் வாங்க வேண்டும். பழைய பாகத்தைத் தூக்கி எறிந்தவரிடம் அளவெடுக்க எதுவும் இருக்காது. உடைந்ததையும் சீட்டு ஒட்டி வைத்திருப்பவருக்கே லேத்காரர் உதவ முடியும்.

இந்த விடைகளில் பெரும்பாலானவை எழுதப்படாதவை. வயதான மெக்கானிக்குகள் பட்டறையை மூடும்போது அவையும் அவர்களோடு போகின்றன. பழைய கார் வைத்திருப்பவர்கள், தங்கள் மெக்கானிக் சொன்ன இடைவெளி, மாற்றிய ஜெட்டின் எண், பாகம் கிடைத்த கடை ஆகியவற்றைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி ஆர்சி புக்குடன் வைத்திருக்க வேண்டும். காரை விற்கும் நாளில் அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.