பாலைநிலத்துச் சீட்டு மண்டபங்கள்

ஸ்பானிய மொழியிலே லாஸ் வேகாஸ் என்றால் புல்வெளிகள் என்பது பொருள். ஊரைச் சுற்றி நாம் கண்டதோ கல்லும் மணலும் வெந்து கிடக்கும் மலைகளுமே. முன்னொரு காலத்தில் ஊற்றுநீர் பாய்ந்து புல் வளர்ந்த இடமாதலின் அப்பெயர் வந்தது. 1905 ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை அமைத்தோர் நிலத்தைத் துண்டு துண்டாக ஏலத்தில் விற்று உண்டாக்கிய நகரம் இது. 1931 இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. அதே ஆண்டிலே, அண்மையில் ஓடும் கொலராடோ ஆற்றை மறித்து ஹூவர் அணை கட்டும் பெருவேலையும் தொடங்கிற்று. கூலி வாங்கும் கைகளும், அக்கூலியைக் கறந்துகொள்ளும் மேசைகளும் ஒருங்கே வந்து சேர்ந்தன.

பழைய நகரத்தின் நடுவே செல்லும் பிரீமொண்ட் வீதிக்கே நாம் முதலிற் சென்றோம். 1995 முதல் இவ்வீதிக்கு மேலே வளைந்த கூரையொன்று அமைந்திருக்கிறது. இரவிலே அதன் உட்புறமெங்கும் விளக்குகள் ஓடி ஓடிப் படம் காட்டுகின்றன. இருமருங்கிலும் காசு விழுங்கும் பொறிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் முன்னே அமர்ந்திருப்போரின் முகங்களைப் பார்த்தால் பொழுதுபோக்க வந்தவர்களாகத் தோன்றவில்லை; இரவு வேலைக்கு வந்தவர்கள் போலவே தோன்றுகின்றனர். இப்படிப்பட்ட இடத்திற்குக் குடும்பத்தவர் படிக்கும் பக்கத்திலே வாசகரை ஏன் அழைத்துச் செல்கிறோம் என்று கேட்கலாம். பொறியிலும் சுழல் வட்டிலும் ஆடுபவன் மாளிகைக்கு எதிராக ஆடுகிறான். நாட்கணக்கில் ஆடினால் வெல்வது மாளிகையே. ஆனால் ‘டெக்சாஸ் ஹோல்டெம்’ என்னும் போக்கர்ச் சீட்டாட்டம் அப்படியன்று. அங்கே மனிதர் மனிதரோடு மோதுகின்றனர். மாளிகை நடுவில் நின்று குத்தகை போல ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆகவே அறிவிற்கு அங்கே வேலை உண்டு. அவ்வேலை யாது என்பதைக் காணவே நாம் போனோம்.

ஆட்டத்தின் பிறப்பிடம் நெவாடா அன்று. டெக்சாஸ் மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள ரொப்ஸ்டவுன் என்னும் சிற்றூரிலே, 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தோன்றியதென்று அம்மாநிலச் சட்டமன்றம் 2007 இல் தீர்மானம் நிறைவேற்றி ஏற்றுக்கொண்டது. 1963 இல் கோர்க்கி மக்கோர்க்கொடேல் என்பவர் அதனை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுவந்தார். 1970 இல் பென்னி பினியன் என்ற மாளிகைக்காரர், பிரீமொண்ட் வீதியிலிருந்த தமது ‘ஹோஸ் ஷூ’ மண்டபத்திலே பெயர்பெற்ற ஆட்டக்காரரை ஒன்றுகூட்டினார். அவர்களே வாக்களித்து ஜோனி மொஸ் என்பவரைத் தலைசிறந்தவராகத் தெரிந்தெடுத்தனர். உலகத் தொடர் எனப்படும் போட்டியின் தொடக்கம் அதுவே. அம்மண்டபம் இன்று பினியன்ஸ் என்ற பெயரால் வழங்குகிறது. போட்டியோ 2005 இல் அங்கிருந்து இடம் பெயர்ந்துவிட்டது.

ஆட்டத்தின் முறை எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டுக் கவிழ்த்து வழங்கப்படும். பின்னர் மேசை நடுவே மூன்று சீட்டு, அதன்பின் ஒன்று, கடைசியாக இன்னுமொன்று, ஆக ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாக விரிக்கப்படும். கையிலுள்ள இரண்டையும் பொதுவான ஐந்தையும் சேர்த்து, ஏழிலே சிறந்த ஐந்தைக் காட்டுபவருக்கு வெற்றி. இரண்டு சீட்டு வந்தவுடனும், ஒவ்வொரு விரிப்பின் பின்னும் பந்தயம் நடக்கும். ஈடு வைக்க விரும்பாதவர் சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். மற்றெல்லோரும் விலகிவிட்டால், எஞ்சியவர் தம் சீட்டைக் காட்டாமலே நடுக்குவியலை அள்ளிக்கொள்வார். ஆட்டத்தின் சூட்சுமமெல்லாம் இக்கடைசி விதியிலேயே அடங்கியிருக்கிறது.

நம் நாட்டில் முந்நூற்றுநாலு ஆடிப் பழகியோர்க்கு இது விநோதமாகத் தோன்றும். அங்கே ஜாக்கிற்கு முப்பது, ஒன்பதிற்கு இருபது எனச் சீட்டுக்கே மதிப்புண்டு. எதிரே இருப்பவர் பங்காளி. கவிழ்த்து வைத்த துருப்பு எதுவென்று ஊகிப்பதே சாமர்த்தியம். இங்கே பங்காளி இல்லை. கவிழ்ந்து கிடப்பதும் ஒரு துருப்பன்று, ஆளுக்கு இரண்டு சீட்டு.

பிரீமொண்ட் வீதியை விட்டு, புதிய மாளிகைகள் நிறைந்த ‘ஸ்ட்ரிப்’ என்னும் நெடுவீதிக்குச் சென்று, அங்கே ஒரு விடுதியின் சீட்டறையிலே நெடுநேரம் நின்றோம். வேலிபோன்ற தடுப்புக்கு வெளியே நின்று பார்ப்பதற்குத் தடையில்லை; 21 வயதாகாதவர் மட்டும் அங்கே நிற்கலாகாது. வாசலருகே இருந்தது மிகச் சிறிய பந்தய மேசை. சீட்டைப் பார்க்குமுன்னரே முறைப்படி ஒருவர் ஒரு டொலரும் அடுத்தவர் மூன்று டொலரும் வைக்கவேண்டும். அதைச் சூழ இருந்தோரிற் பலர் விடுமுறைக்கு வந்தவர்கள். அவர்களுடைய குறை ஒன்றே: சும்மா இருக்க அவர்களால் முடியவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சீட்டைக் கீழே போடுவதா என்று எதையும் வைத்துக்கொண்டு தொடர்ந்து ஈடு வைத்தனர்.

கணக்கோ வேறு சொல்கிறது. 52 சீட்டுகளில் இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். ஏதேனும் ஒரு சோடி வருவது 17 முறைக்கு ஒருமுறை. ஆஸ் சோடி வருவது 221 முறைக்கு ஒருமுறை. சோடியில்லாத இரு சீட்டை வைத்திருப்பவனுக்கு, முதல் மூன்று பொதுச் சீட்டில் அவற்றுள் ஒன்றேனும் இணைசேர்வது ஏறக்குறைய மூன்றில் ஒருமுறையே. ஆகவே புதியவன் செய்யத்தக்கது பத்துக் கையில் ஏழெட்டையாவது பார்த்தவுடன் போட்டுவிடுவதே. அம்மேசையிலே கம்பளித் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் இருந்தார். அரைமணி நேரத்துக்கு மேலாகச் சீட்டைப் போடுவதைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை. பிறகு மூன்றுமுறை பெருந்தொகை வைத்தார். மூன்றுமுறையும் ஒருவர் தவறாமல் ஈடு வைத்துத் தோற்றார். இத்தனை நேரம் பேசாதிருந்தவர் இப்போது ஏன் காசைத் தள்ளுகிறார் என்று ஒருவரும் எண்ணவில்லை. பொய்ப்பந்தயம் வைத்து மிரட்டுவது இத்தகைய மேசையிலே வீண் செலவு. மூன்றின் சோடியை வைத்திருப்பவரும் என்னதான் இருக்கிறதென்று பார்ப்போமே என்று காசை வைத்துவிடுவார். இங்கே நல்ல சீட்டுக்கு நிறையக் கேட்பதும், கெட்ட சீட்டை உடனே விடுவதுமே போதும்.

உள்ளே சற்றுத் தள்ளியிருந்த மேசைகளிலே ஊர்க்காரரே மிகுதி. அவர்கள் கையிலே கணக்கு இருந்தது. நடுக்குவியலில் 80 டொலர் இருக்க, எதிரி 20 வைக்கிறான் என்று கொள்வோம். நாம் 20 கொடுத்து 100 ஐப் பெற முயல்கிறோம். ஆறில் ஒருமுறை வென்றாலே முதலுக்கு நட்டமில்லை. கையிலும் மேசையிலுமாக நான்கு இஸ்பேட் இருக்கிறது, இன்னும் ஒரேயொரு சீட்டு வரவேண்டும் என்றால், காணாத 46 சீட்டிலே இஸ்பேட் ஒன்பது. ஏறக்குறைய ஐந்தில் ஒருமுறை அது வரும். ஆகவே ஈடு வைக்கலாம். எதிரி 20 க்குப் பதிலாக 80 வைத்தால், 80 கொடுத்து 160 ஐப் பெற முயல்கிறோம், மூன்றில் ஒருமுறை வெல்லவேண்டியதாகிறது, சீட்டைப் போடவேண்டும். அதே சீட்டு, அதே மேசை. விலை மாறியதால் முடிவும் மாறிற்று.

அவர்கள் இருக்கும் இடத்தையும் மிகக் கவனித்தனர். யார் சீட்டு வழங்கும் முறைக்குரியவர் என்பதைக் காட்ட ஒரு வெண்வட்டு மேசையைச் சுற்றி வருகிறது. வட்டு முன்னால் இருப்பவர் பிந்திய பந்தயங்களிலெல்லாம் கடைசியாகப் பேசுவார். மற்றவர் செய்ததைப் பார்த்துவிட்டுத் தாம் செய்வார். முதலாவதாகப் பேசவேண்டியவரோ இருட்டிலே காலை விடுகிறார். ஆதலின் முன்னிடத்தில் போட்டுவிடும் ராணியும் பத்தும் வட்டிடத்தில் ஆடத்தக்கதாகின்றன. எமக்கு இப்பகுதியே ஆட்டத்தின் அழகு என்று பட்டது.

பொய்ப்பந்தயம் இப்படிப்பட்டவர் முன்னிலையிலேதான் பலிக்கிறது. அதற்குப் பெயர்போன சான்று 2003 ஆம் ஆண்டில் பினியன் மண்டபத்தில் நடந்தது. டென்னசி மாநிலத்துக் கணக்காளரான கிறிஸ் மணிமேக்கர், 839 பேர் கலந்துகொண்ட உலகத் தொடரிலே கடைசி இருவரில் ஒருவராக நின்றார். எதிரே இருந்தவர் சாமி பார்ஹா என்னும் தொழில்முறை ஆட்டக்காரர். மணிமேக்கர் கையில் ராசாவும் ஏழும். எதிர்பார்த்த சீட்டு எதுவும் வரவில்லை. ஒரு சோடிகூட இல்லை. பார்ஹாவிடம் ஒன்பதின் சோடி. மணிமேக்கர் தம்மிடமிருந்த வில்லைகள் அத்தனையையும் நடுவே தள்ளினார். பார்ஹா நெடுநேரம் சிந்தித்துச் சோடியைப் போட்டுவிட்டார். வாசலருகே மூன்று டொலர் மேசையில் இருந்த விடுமுறைக்காரராயின் சிந்தியாமல் ஈடு வைத்து வென்றிருப்பார்! பார்ஹாவின் அறிவே அங்கே அவரைத் தோற்கடித்தது. மணிமேக்கர் 25 இலட்சம் டொலர் பரிசு பெற்றார். மூன்றே ஆண்டுகளில் போட்டியாளர் தொகை 8,773 ஆயிற்று.

இதற்கு மறுபுறம் டொயில் பிரன்சனின் கதை. அவர் 1976 இலும் 1977 இலும் உலகத் தொடரை வென்றார். இருமுறையும் கடைசிக் கையில் அவரிடமிருந்தது பத்தும் இரண்டும். பார்த்தவுடன் போட்டுவிடவேண்டிய சீட்டு அது. இன்றுவரை அதற்கு அவர் பெயரே வழங்குகிறது. ஆனால் அப்போது மேசையிலே இருவரே எஞ்சியிருந்தனர். எதிரியின் மனப்போக்கை மணிக்கணக்காகப் பார்த்திருந்தவர் அவர். ஒன்பதுபேர் மேசையிலே அதைக் கண்டு ஆசைப்படும் புதியவன் பிரன்சனுக்கு மரியாதை செய்கிறான், வேறொன்றும் பெறான்.

கயிறு கட்டிப் பிரித்த உள்ளறையில் ஆடுவோர் நிலை இன்னும் வேறு. அங்கே எல்லோருக்கும் கணக்குத் தெரியும். நல்ல சீட்டுக்கு மட்டுமே பெருந்தொகை வைப்பவனை எல்லோரும் கண்டுகொண்டு விலகிவிடுவர். அவனுக்கு ஆஸ் சோடி வந்தாலும் பயனில்லை. ஆகவே ஒரேவிதமான பந்தயத்தை நல்ல சீட்டோடும் கெட்ட சீட்டோடும் ஓர் அளவாகக் கலந்து வைக்கவேண்டும். பொய்ப்பந்தயம் குணக்கேடன்று, கணக்கிலே அதற்கு இடமுண்டு என்பதைக் கணித மேதை ஜோன் வொன் நொய்மன் 1944 இல் ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்னுடன் சேர்ந்து எழுதிய நூலிலே காட்டினார். 2017 இல் பிட்ஸ்பேர்க் நகரிலே, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் செய்த ‘லிப்ராட்டஸ்’ என்னும் கணனி, தேர்ந்த நால்வரோடு தனித்தனியே ஆடி, இருபது நாளில் மொத்தம் 1,20,000 கைகள் முடிவில் அவர்களை வென்றது. அதற்கு முகமில்லை, நடுக்கமில்லை. பொய்ப்பந்தயம் மட்டும் தாராளமாக வைத்தது.

பந்தயத்தைவிட அறிய அரிதான இன்னொரு கணக்கு உண்டு. எவ்வளவு காசோடு அமர்வது, எப்போது எழுவது என்பதே அது. சிறு மேசைகளிலே மாளிகை எடுக்கும் பங்கு, சுமாரான ஆட்டக்காரனின் இலாபத்தைத் தின்றுவிடப் போதுமானது. அதற்கு மேலே, சிறந்தவனுக்கும் வாரக்கணக்கில் சீட்டு வாராதிருக்கும். ஆகவே தொழிலாகக் கொண்டோர் ஆட்டப் பணத்தை வீட்டுப் பணத்தோடு கலப்பதில்லை. அதிலும் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஒரு மேசைக்குக் கொண்டுபோவதில்லை. இம்முறையைக் கைக்கொள்ளாத பெரியவர்கள் பலர்.

அவர்களுள் முதல்வர் ஸ்டூ உங்கர். இவரைப் போன்ற சூரர் பிறக்கவில்லை என்று சொல்வோர் உளர். 1980 இலும் 1981 இலும் உலகத் தொடரை வென்றார். மேசையிலே எதிரியின் சீட்டைக் கண்ணாடியிலே பார்ப்பதுபோல் அறிந்தவர், மேசையை விட்டு எழுந்ததும் குதிரைப் பந்தயத்திலும் போதைப்பொருளிலும் யாவற்றையும் இழந்தார். 1997 இல் நுழைவுக் கட்டணமான 10,000 டொலர் அவரிடம் இல்லை. நண்பர் பில்லி பக்ஸ்டர் கடைசி நேரத்தில் கட்டினார். உங்கர் மூன்றாம் முறையும் வென்று, பத்து இலட்சம் டொலரில் பாதியை நண்பருக்குக் கொடுத்தார். அவ்வெற்றியின்போது மகளின் படம் அவரிடம் இருந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 22 ஆந் திகதி, லாஸ் வேகாஸிலேயே மலிவான தங்கும் விடுதியொன்றின் அறையில் அவர் இறந்து கிடக்கக் காணப்பட்டார். அடக்கச் செலவை நண்பர்கள் சேர்த்துக் கொடுத்தனர். அவருக்கு அப்போது வயது 45.